35 ஆகப்போகும் மகள் தனி வீடு வாங்கிப் போகிறேன் என்கிறாள்

மல்லிகைப்பந்தல் (யீஷூன், சிங்கப்பூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 62. யீஷூனில் நாலறை வீடு, நானும் என் வீட்டுக்காரரும் மகளும் இருக்கிறோம். மகன் கல்யாணமாகிப் பொங்கோலில் இருக்கிறான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு இன்னும் சில மாதத்தில் 35 ஆகிறது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதைப் பற்றி நான் இங்கே கேட்க வரவில்லை, அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், 35 ஆனதும் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிப் போய்விடுவேன் என்கிறாள். சண்டை எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து, மசேநியில் (மத்திய சேம நிதி) இவ்வளவு இருக்கிறது, மானியம் இவ்வளவு கிடைக்கும், மாதத் தவணை இவ்வளவு வரும் என்று எங்கள் இருவருக்கும் காட்டினாள். எவ்வளவு காலமாக இதை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளோ என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அவள் அப்பா "பார்க்கலாம்மா" என்றார், அதோடு சரி, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என் தங்கை கேள்விப்பட்டதும் தொலைபேசியில் ஒரே சத்தம். கல்யாணம் ஆகாத பெண்ணைத் தனியாக விடுகிறாயே, நாலு பேர் என்ன சொல்வார்கள், வீட்டில் ஏதோ பிரச்சினை என்றுதானே நினைப்பார்கள் என்கிறாள். இந்தப் பக்கம் நான் பகுதிநேரமாக வேலை பார்க்கும் இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருக்கிறார், அவர் நேர்மாறாக, 34 வயதில் இன்னும் அம்மாவோடு இருக்கிறாளா, நீங்கள்தான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்கிறார். இரண்டு பேருமே என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

இந்த வீட்டில் அவளுக்கு என்ன குறை என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தனி அறை இருக்கிறது. மாதம் 800 வெள்ளி வீட்டுக்குத் தருகிறாள், அதைக் கேட்டு வாங்கியது இல்லை, அவளாகவே தருவது. இதே நிலையில் இருந்தவர்கள், பெற்றோராகவோ பிள்ளையாகவோ, என்ன செய்தீர்கள்? போன பிறகு உறவு எப்படி இருக்கிறது? பண ரீதியாகவும் இது சரியான முடிவா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.


மூன்றாம்மாடி எழுதியது:

அக்கா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் நான். எனக்கு இப்போது 39. 36 வயதில் உட்லண்ட்ஸில் மறுவிற்பனை மூவறை வீடு வாங்கினேன், அம்மா அப்பா அதே வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், உங்கள் மகள் திடீரென்று முடிவெடுத்தாள் என்று நினைக்காதீர்கள். கல்யாணம் ஆகாதவர்கள் தனியாளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும் என்பது இங்கே இருக்கும் விதி. அதுவரை நமக்கு இரண்டே வழி, பெற்றோர் வீடு அல்லது வாடகை. வாடகை என்றால் வீவக வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள், அது போனால் வராத பணம். அதனால் என் வயதுப் பெண்கள் பலருக்கு 35 என்பது பல வருடம் முன்பே மனதில் குறித்து வைத்த வயது. அதை வீட்டில் சொல்ல மாட்டோம், ஏனென்றால் சொன்னால் அம்மா வருத்தப்படுவார். உங்களிடம் கணக்கைக் காட்டியிருக்கிறாள் என்றால் அது உங்களை மதித்துச் செய்தது. என்னுடன் வேலை பார்த்தவர் ஒருவர் சாவி வாங்கிய பிறகுதான் வீட்டில் சொன்னார்.

என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டிலும் குறை எதுவும் இல்லை. ஆனால் நான் இரவுப் பணி முடிந்து காலையில் வந்து தூங்கினால் அம்மா ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பார்ப்பார். தோழி ஒருத்தி வந்தால் அவள் என்ன சாதி, எங்கே வேலை, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று எல்லாம் விசாரிப்பார். சமையலறை அவருடையது, அவர் வைத்த இடத்தில்தான் கரண்டி இருக்க வேண்டும். அன்பு நிறைய இருந்தது, ஆனால் அந்த வீட்டில் நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எப்படி இருந்தேனோ அப்படித்தான் 35லும் இருந்தேன். வேலையில் எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை மணிக்கு வருவாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் குறையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் தப்பு ஒன்றுமே செய்யவில்லை.

பண விஷயத்துக்கு வருகிறேன். தனியாள் முதன்முறை மறுவிற்பனை வீடு வாங்கினால், நாலறை வரைக்கும், மசேநி வீட்டு மானியம் 40,000 வெள்ளி. வருமானம் குறைவாக இருந்தால் கூடுதல் மானியம் ஒன்று உண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து அது தனியாளுக்கு அதிகபட்சம் 60,000. பெற்றோர் இருக்கும் இடத்திலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் இன்னொரு 10,000, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தால் 15,000. வருமான வரம்பு இருக்கிறது, உங்கள் மகள் அதைப் பார்த்திருப்பாள். புது வீடுதான் வேண்டுமென்றால் ஈரறை ஃபிளெக்ஸி என்ற சின்ன வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2013 வரை தனியாளுக்கு வீவகவிடமிருந்து நேரடியாகப் புது வீடு வாங்கும் வழியே இல்லை, அப்புறம் முதிர்ச்சி அடையாத, அதாவது இன்னும் வளர்ந்துவரும் பேட்டைகளில் மட்டும் என்றார்கள், 2024 அக்டோபரிலிருந்து எல்லா இடத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பிடிஓ, அதாவது விண்ணப்பம் வாங்கிய பிறகு கட்டும் புது வீடு என்றால் கட்டி முடிக்கும்வரை சில வருடம் காத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். நம் ஆட்களுக்கு, பெற்றோர் பக்கத்திலேயே வாங்குவது சொல்வதுபோல் சுலபம் இல்லை. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் இந்தியர்களும் (சீனர், மலாய்க்காரர் அல்லாத) மற்றவர்களும் சேர்ந்து 15 விழுக்காடு, அக்கம்பக்கப் பேட்டையில் 12 விழுக்காடு, அதற்கு மேல் போக முடியாது. அது நிரம்பிவிட்டால் இந்தியரோ அந்த மற்றவர்களோ விற்கும் வீட்டைத்தான் நாம் வாங்க முடியும், சீனக் குடும்பம் விற்கும் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் வாங்க முடியாது. அம்மா வீட்டுக்கு எதிர் புளோக்கில் எனக்குப் பிடித்த வீடு அப்படித்தான் கைவிட்டுப் போனது. கடைசியில் மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளிக் கிடைத்தது.

உறவு எப்படி என்று கேட்டீர்கள். முதல் வருடம் அம்மா என் வீட்டுக்கு வரவே இல்லை. பிறகு வந்தார், இப்போது வந்தால் தேநீர் நான் போடுகிறேன், அவர் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது நான் அங்கேயே போய்த் தங்கினேன், யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.


தோ பாயோ அப்பா எழுதியது:

மூன்றாம்மாடி சொன்னதை முழுக்க ஏற்க என்னால் முடியவில்லை, மரியாதையோடு சொல்கிறேன். எனக்கு வயது 68. என் மகனுக்கு 36, மகளுக்கு 31, இரண்டு பேரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

நான் வளர்ந்தது குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டில், அதாவது இரண்டு படுக்கையறை, ஏழு பேர். பாட்டி ஓர் அறை, பெண்பிள்ளைகள் அவரோடு, பையன்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்போம். மசேநியை வைத்து வீடு வாங்கலாம் என்று 1968இல் அரசாங்கம் கொண்டுவந்த பிறகுதான் எங்களைப் போன்ற குடும்பத்துக்கெல்லாம் சொந்த வீடு என்ற நினைப்பே வந்தது. கல்யாணம் ஆனதும் போய்விடு, ஆகாவிட்டால் இருந்துகொள், இதுதான் வழக்கம். யாரும் யாரையும் பிடித்து வைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. என் அண்ணன் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா போகும்வரை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

என் கவலை நேரானது. அக்காவுக்கு 62, வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் இருக்கும். இன்னும் பத்து வருடத்தில் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் இன்னொருவரால் தூக்க முடியாது. 4 கிலோமீட்டர் என்று எழுதுகிறார்கள், மானியம் வாங்க 4 கிலோமீட்டர் நல்ல தூரம்தான், அந்த நேரத்துக்கு அது ரொம்பத் தூரம். பணிப்பெண் வைக்கலாம் என்பார்கள், எல்லாராலும் முடியாது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் வந்தது நினைவிருக்கும். 60 வயதுக்கு மேல் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2010இல் திருத்தி, முதலில் சமரசம் பேச வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தச் சட்டம் வந்தபோது காப்பிக் கடையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம், நம் வீடுகளில் இதெல்லாம் தேவையா என்று. தேவைப்பட்ட குடும்பங்களை அதற்குப் பிறகு நானே பார்த்தேன். பெரும்பாலும் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. தள்ளிப் போனார்கள், வேலை, குழந்தை, வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது, அப்புறம் பண்டிகைக்கு மட்டும் என்றானது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. வயதுவந்த பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றால் அது பிள்ளையாக இருக்கக் கூடாது. என் வீட்டில் மின்சாரம், தண்ணீர், இணையம் மூன்றும் மகன் பெயரில் அவன் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. மகள் மளிகை. துணி அவரவர் துவைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று நானும் கேட்பதில்லை, என் மனைவியும் கேட்பதில்லை, கேட்கக் கூடாது என்று நான் அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன். சாப்பாடு வேண்டாமென்றால் ஆறு மணிக்குள் தகவல் சொல்ல வேண்டும், அது மட்டும் விதி. அக்கா, மகளிடம் கேளுங்கள், இந்த வீட்டில் எதை மாற்றினால் இருப்பாய் என்று. அந்தக் கேள்வியைக் கேட்காமல் அனுப்பி வைக்காதீர்கள்.


பகல்தூக்கம் எழுதியது:

எனக்கு 29, பையன், தெம்பனீஸில் அம்மா அப்பாவோடுதான் இருக்கிறேன். தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) இரண்டு வருடம், பிறகு பல்கலைக்கழகம், வேலைக்குச் சேரும்போதே 25. என் வகுப்பு நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான், கல்யாணம் ஆனவன் மட்டும் போனான். இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் இல்லை, அந்த வெளிநாட்டுப் பெண்மணிக்கு அவர் ஊர் நிலவரம் தெரியும், நம் ஊர் நிலவரம் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஆன்ட்டி, உங்கள் தங்கை பேசியது மாதிரிப் பேச்சு என்னைப் பற்றி எங்கள் சொந்தத்தில் யாரும் பேசியதே கிடையாது. நாளைக்கு நான் வாடகைக்கு அறை எடுத்துப் போனால் பையன் பொறுப்பாகிவிட்டான் என்பார்கள். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, வயது 33, அவர் ஆறு மாதம் தோழியோடு ஒரு வீட்டில் தங்கியதற்கு இன்றுவரை தீபாவளிக்குத் தீபாவளி அந்தப் பேச்சு ஓடுகிறது. வீட்டில் இருக்கும்போதும் அப்படித்தான், நான் பன்னிரண்டு மணிக்கு வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், அவர் பத்து மணிக்கு வந்தால் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். தாத்தா பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது யார் என்று பாருங்கள், அதுவும் அவர்தான். வீட்டில் இருக்கும் கல்யாணமாகாத மகள் என்றால் எல்லாருக்காகவும் விடுப்பு எடுக்கக்கூடிய ஆள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உங்கள் மகன் பொங்கோலில் இருக்கிறார், கடைசியாக அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போனது யார்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

தோ பாயோ அங்கிள் சொன்ன விதிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. எங்கள் வீட்டில் அப்பா என்னிடம் பணமே வாங்க மாட்டேன் என்கிறார், அது எனக்கு நல்லதில்லை என்று நினைக்கிறேன்.


காவேரிக்கரை எழுதியது:

நான் திருச்சிக்காரன், நிரந்தரவாசி (குடியுரிமை இல்லை, இங்கே தங்கும் உரிமை மட்டும்), தனியாள். நிரந்தரவாசி தனியாளுக்கு வீவக வீடு வாங்க அனுமதி கிடையாது, ஆகவே இத்தனை வருடமும் வாடகை அறைதான். "சமைக்கக் கூடாது, ஆட்கள் வரக் கூடாது" என்ற நிபந்தனைகளோடு வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால் உங்கள் மகள் வாடகைக்குப் போகாமல் சொந்தமாக வாங்குகிறேன் என்பதைக் கேட்க நன்றாக இருக்கிறது.

அப்பா அம்மா ஊரில் தனியாக. விமானத்தில் நான்கு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டும், விடுப்பு கிடைக்க வேண்டும். தினமும் காணொளியில் பேசுகிறேன். அம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால்தான் காய்ச்சல் என்று தெரியும். உங்கள் மகள் உட்லண்ட்ஸ் வரை போனாலும் யீஷூனுக்கு ஒரு ரயில் இருக்கிறது, அழைத்தால் அரை மணி நேரத்தில் வந்து நிற்பாள். எனக்கு அது பிரிவாகவே தெரியவில்லை.


செம்பருத்தி எழுதியது:

எல்லாரும் இன்றைக்கு இருக்கும் நிலையைப் பேசுகிறீர்கள். நான் உங்கள் இருவருக்கும் பிறகு அவள் நிலை என்ன என்று கேட்கிறேன், அக்கா. இதை யாரும் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

என் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா பாட்டியோடு கடைசிவரை இருந்தவர் அவர்தான். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த வருடங்கள், பாட்டிக்கு ஞாபக மறதி வந்த வருடங்கள், எல்லாம் அவர் தலையில். முழுநேர வேலையை விட்டுப் பாதி நாள் வேலைக்கு மாறினார், அதனால் மசேநியும் குறைந்தது. வீட்டில் குடியிருப்பவர் என்று மட்டும் அவர் பெயர் இருந்தது, உரிமையாளர் இல்லை. தாத்தா போனார், கூட்டு உரிமை என்பதால் வீடு பாட்டிக்கு வந்தது. பாட்டி உயில் எழுதவில்லை. உயில் இல்லாமல் போனால் சட்டப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு (முஸ்லிம்களுக்கு வேறு சட்டம், அது தனி). மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் ஏற்கனவே வீவக வீடு இருந்தது. ஒருவர் இரண்டு வீவக வீடு வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே அவர்கள் இந்த வீட்டில் பெயர் சேர்க்க முடியாது. ஒன்று அத்தை மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விற்க வேண்டும். அத்தையிடம் பணம் எங்கே இருக்கும்?

விற்றார்கள். என் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் அவரை ஏமாற்றவில்லை. அத்தைக்கு அப்போது 58 வயது. தன் பங்கில் குறுகிய காலக் குத்தகை ஈரறை வீடு ஒன்று வாங்கிக்கொண்டு போனார், 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதால் தப்பித்தார். முப்பத்தைந்திலேயே ஒரு வீடு வாங்கியிருந்தால் அந்த வயதில் அவருக்கு அது கடன் இல்லாத சொந்த வீடாக இருந்திருக்கும். பெற்றோரை அப்போதும் அவர்தான் பார்த்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் தோ பாயோ அப்பாவிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளும் மகனும் உங்களோடு இருப்பது நல்லது, நீங்கள் போட்ட விதிகளும் நல்லவை. உங்களுக்குப் பிறகு அந்த வீடு யாருக்கு, எப்படி என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? மசேநிப் பணம் உயிலில் வராது, அது யாருக்கு என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும், அதைச் செய்தாயிற்றா? ஒரு பிள்ளையைக் கூடவே இருக்கச் சொல்பவர்கள் இதைச் செய்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.


தோ பாயோ அப்பா எழுதியது:

மசேநி நியமனம் செய்திருக்கிறேன். உயில் எழுதவில்லை. இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசிவிட்டே போகிறேன். உங்கள் அத்தை கதை மனதை அறுக்கிறது. இருந்தாலும் மகளிடம் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். செம்பருத்தி எழுதியதைக் கேட்டதும் அவர்தான் முதலில் பேசினார், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, அவள் வாங்கட்டும் என்றார்.

தோ பாயோ அண்ணன் சொன்னபடி அவளிடம் கேட்டேன், எதை மாற்றினால் இருப்பாய் என்று. நிறைய நேரம் யோசித்துவிட்டு, நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம், நான் உங்களை விட்டுப் போகவில்லை, எனக்கென்று ஓர் இடம் வேண்டும், அது இங்கே இருக்க முடியாது, ஏனென்றால் இது உங்கள் இடம் என்றாள். மருந்தகத்துக்கு அழைத்துப் போவது யார் என்று அந்தத் தம்பி கேட்டிருந்தார். மகள்தான். மகனிடம் இதைப் பற்றிப் பேசினேன், அப்பாவின் அடுத்த கண் பரிசோதனைக்கு அவன் வருகிறான். என் தங்கைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, சொல்லுவேன்.

எனக்கு வலிக்கிறது என்பதையும் அவளிடம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, போன பிறகும் 800 தருகிறேன் என்கிறாள், தவணை கட்டிக்கொண்டு அது எப்படி முடியும், நான் வாங்கலாமா? இன்னொன்று, வரும் சனிக்கிழமை இரண்டு மறுவிற்பனை வீடு பார்க்கப் போகிறாள், என்னையும் அப்பாவையும் கூட வரச் சொல்கிறாள். எங்களுக்கு இது பழக்கமில்லை, நாங்கள் வாங்கியது முப்பது வருடத்துக்கு முன்பு. என்ன பார்க்க வேண்டும்?


மூன்றாம்மாடி எழுதியது:

அக்கா, பணத்தை வாங்குங்கள், ஆனால் குறைத்து வாங்குங்கள், முதல் ஒரு வருடமாவது. எங்கள் வீட்டில் பாதியாக்கினோம். வாங்காமல் விட்டால் அவளுக்கு அதுவே உறுத்தும். வருமான வரியிலும் இதற்கு இடம் இருக்கிறது, பெற்றோருக்கான வரிக் கழிவு ஒரே வீட்டில் இருந்தால் ஒரு பெற்றோருக்கு 9,000 வெள்ளி, தனித்தனியாக இருந்தால் 5,500. தனியாக இருந்தால் அந்த வருடத்தில் குறைந்தது 2,000 வெள்ளியாவது உங்களுக்காகச் செலவு செய்திருக்க வேண்டும். நீங்கள் பகுதிநேர வேலை பார்ப்பதால் உங்கள் வருடச் சம்பளம் 8,000 வெள்ளிக்கு மேல் போனால் உங்கள் பெயரில் அவளுக்குக் கழிவு கிடைக்காது, அப்பா பெயரில் கிடைக்கலாம். அண்ணனும் அதே பெற்றோருக்குக் கேட்டால் இருவரும் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இனி சனிக்கிழமை வீடு பார்க்கும் விஷயம். போவதற்கு முன்பே அந்த இரண்டு புளோக்கிலும் இந்தியர் விகிதம் நிரம்பியிருக்கிறதா என்று வீவக இணையத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள், மாதத்தின் முதல் தேதியில் அது மாறும், இன்றைக்கு முடியாதது அடுத்த மாதம் முடியலாம். வீவக தரும் வீட்டுத் தகுதிக் கடிதம் கையில் இல்லாமல் விற்பவரிடம் பேரம் பேசி எழுதிக்கொள்ள முடியாது, விண்ணப்பித்துவிட்டாளா என்று கேளுங்கள்.

அடுத்து குத்தகை, அதாவது வீடு நம் கையில் இருக்கும் 99 வருடக் காலம். இதுதான் முக்கியம். அவளுக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சம் இருந்தால்தான் மசேநியை முழு அளவில் பயன்படுத்தலாம், அதாவது 35 வயதுக்காரிக்கு இன்னும் 60 வருடம் இருக்க வேண்டும். யீஷூனில் எண்பதுகளில் கட்டிய வீடுகள் நிறைய, 1985இல் குத்தகை தொடங்கிய வீடு 2084இல் முடியும், அந்த மாதிரி வீடுகளில் ஓரிரு வருட வித்தியாசத்திலேயே கணக்கு மாறிவிடும். விலை மலிவாக இருக்கிறதே என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டுக்குள் போனதும் குளியலறைக் கூரையில் மேல் வீட்டுக் கசிவு இருக்கிறதா, தரை ஓடு எங்கேயாவது எழும்பியிருக்கிறதா, மேற்கு வெயில் எந்த அறையில் அடிக்கிறது, இவற்றைப் பாருங்கள். பழைய சில புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, உங்களுக்காகவும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களும் ஏறி இறங்கப் போகிறீர்கள். காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை என்று இரண்டு நேரத்தில் அந்தப் புளோக்கைச் சுற்றி நடந்து பார்க்கட்டும், வேலை முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு அந்த வழி எப்படி இருக்கிறது என்பது வரைபடத்தில் தெரியாது. சமையலறையை நீங்கள் பாருங்கள், ஆனால் அது சின்னதாக இருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடாதீர்கள். வீடு பார்த்துவிட்டு வந்ததும் இங்கே எழுதுங்கள், குத்தகை வருடமும் புளோக் கட்டிய வருடமும் சொன்னால் நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.